பங்க்கில் விலை தெரிகிறது, ஆக்டேன் எண் தெரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சரக்கு வண்டிகளுக்கு எந்த பெட்ரோல் நல்லது என்று உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். மறுநாள் காலையில் என் பட்டறைக்கு வந்த டிரைவர்களில் சிலர் அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்கள். புது மினி லாரிகளில் கம்ப்ரஷன் அதிகம், ஆகவே ஆக்டேன் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு இழுவையும் மைலேஜும் கூடும், முடிந்தால் 100 ஆக்டேனே போடுங்கள் என்பது கட்டுரையின் சாரம். கம்ப்ரஷன் அதிகம் என்பது சரி. மிச்சத்தை நம்பி ஒருவர் மாதம் முழுக்க பெட்ரோல் போட்டால், வண்டித் தவணை கட்டுவதற்கு வெளியில் வட்டிக்குத்தான் வாங்க வேண்டும்.

வத்தலக்குண்டில் கொடைக்கானல் சாலையை ஒட்டி எனக்கு ஒரு சின்னப் பட்டறை. மலைக்குச் சிமெண்டும் மளிகையும் ஏற்றிப்போய், கேரட்டும் பீன்ஸும் பூண்டும் இறக்கிக்கொண்டு வரும் மினி லாரிகள்தான் என் பிழைப்பு. அதனால் இந்த விஷயத்தில் வாயைத் திறக்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

குட்டி யானை என்று நம் ஊர் பெயர் வைத்த டாடா ஏஸ் வண்டி 2005-இல் வந்தபோது அது டீசல். அதன் பிறகு வந்த போட்டி வண்டிகளும் பெரும்பாலும் டீசல்தான். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமானதும் கணக்கு மாறியது. சின்ன டீசல் இன்ஜினுக்குப் புகை வடிகட்டும் சாமான்களை வைத்தால் வண்டி விலை எங்கேயோ போய்விடுகிறது. எனவே ஒரு டன்னுக்குள் ஏற்றும் வண்டிகளில் பெட்ரோலும் சிஎன்ஜியும் நுழைந்தன. டீசல் வண்டியிலேயே கை பழகிய டிரைவர்கள் பெட்ரோல் இன்ஜினிடமும் அதே வேலையை எதிர்பார்க்கிறார்கள். பிரச்சினையில் பாதி அங்கேதான் ஆரம்பம். டீசல் ஓட்டியவர் கியரை இறக்காமல், குறைந்த சுற்றிலேயே மிதித்து மேடேற்றப் பழகியவர். கம்ப்ரஷன் அதிகமுள்ள பெட்ரோல் இன்ஜினுக்கு அதைவிடக் கெட்ட பழக்கம் வேறில்லை.

கம்ப்ரஷன் எண் என்ன சொல்கிறது என்பதைக் கட்டுரை விளக்கவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டருக்கு 300 சிசி. பிஸ்டன் கீழிருந்து மேலே வரும்போது அவ்வளவு காற்றையும் பெட்ரோலையும் மேலே இருக்கும் சின்ன இடத்துக்குள் நசுக்குகிறது. கம்ப்ரஷன் 9 என்றால், அந்த இடத்தையும் சேர்த்த மொத்தம் ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது, அந்த இடம் முப்பத்தேழரை சிசி. 12 என்றால் 27 சிசி சொச்சம், அவ்வளவுதான். பழைய அம்பாசடர் காலத்தில் 7, 8 என்று இருந்ததெல்லாம் இன்று 11, 12 ஆகிவிட்டது. இறுக்கமாக நசுக்கினால் அதே பெட்ரோலில் அதிக வேலை வாங்கலாம். கம்பெனிகள் இப்படிச் செய்வதற்குக் காரணம் அதுதான், தப்பில்லை.

நசுக்கினால் சூடேறும். பிளக் பொறி விட்டதும் தீ ஒரு பக்கத்திலிருந்து சீராகப் பரவ வேண்டும். அது போய்ச் சேர்வதற்குள் எதிர் மூலையில் இருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகப் பற்றிக்கொண்டால், அழுத்த அலை சுவரில் மோதுகிறது. அதுதான் நாக்கிங், வண்டி 'அடிக்கிறது' என்று நாங்கள் சொல்வது. தகர டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்கியது போலக் கேட்கும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் கேபினில் அது காதில் விழாது. மேட்டில் ஏறும்போது பாட்டை நிறுத்து என்று என்னிடம் வரும் பையன்களுக்கெல்லாம் சொல்கிறேன், யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

ரொம்ப நாள் அடி வாங்கிய இன்ஜினைப் பிரித்தால் முதலில் பிளக்கைப் பாருங்கள். வெள்ளைப் பீங்கான் மேல் மினுமினுவென்று அலுமினியத் துகள் ஒட்டியிருக்கும். அது எங்கிருந்து வந்தது? பிஸ்டன் தலையிலிருந்து. பிஸ்டன் ஓரம் பொடிப்பொடிக் குழியாக அரித்திருக்கும். அப்புறம் ரிங் உட்காரும் திட்டு உடைந்து, சிலிண்டர் கீறி, ஆயில் குடிக்க ஆரம்பித்துவிடும்.

ஆக்டேன் எண் என்பது இந்தத் தானாகப் பற்றிக்கொள்ளும் புத்திக்கு எதிரான அளவு, வேறொன்றுமில்லை. கம்ப்ரஷனைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் ஆய்வக இன்ஜினில் நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓட்டிப் பார்த்து அளக்கிறார்கள். ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0. உங்கள் பெட்ரோல் 91 என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும் என்று பொருள். இதில் பெட்ரோலுக்குள் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்ற பேச்சே இல்லை. ஒரு லிட்டர் 100 ஆக்டேனை எரித்தாலும் ஒரு லிட்டர் 91-ஐ எரித்தாலும் கிடைக்கும் சூடு ஏறத்தாழ ஒன்றுதான். நாக்கிங்கே இல்லாத இன்ஜினில் 100 போட்டால், வராத வியாதிக்கு மருந்து வாங்கியாகிறது.

விலைக் கணக்கைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 10 லிட்டர் குடிக்கும் மினி லாரி மாதம் 25 நாள் ஓடினால் 250 லிட்டர். 95 ஆக்டேன் பெட்ரோலுக்கு லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடக் கொடுத்தால் மாதம் 2,000 ரூபாய் அளவுக்கு வரும். 100 ஆக்டேன் லிட்டர் 150 ரூபாயைத் தாண்டிவிட்டது, சாதாரண பெட்ரோலைவிட 50 ரூபாய்க்கு மேல் அதிகம். மாதத்துக்கு 12,500 ரூபாய்க்குக் குறையாது. வாடகை வண்டி ஓட்டுகிறவர் கையில் மாதக் கடைசியில் அவ்வளவு நிற்குமா என்று கட்டுரை எழுதியவர் ஒரு டிரைவரிடம் கேட்டிருக்கலாம்.

அப்படியானால் 95 எப்போதுமே வேண்டாமா? வேண்டும். சில வண்டிக்கு, சில நேரத்தில். இன்றைய இன்ஜின் பிளாக்கில் நாக் சென்சார் என்று ஒரு சின்ன உருண்டை போல்ட் போட்டு முடுக்கியிருக்கும். அடிக்கும் அதிர்வு தெரிந்தவுடன் கம்ப்யூட்டர் பொறியைச் சில டிகிரி தள்ளிப்போடும். சத்தம் நின்றுவிடும். ஆனால் இழுவை குறையும், சைலன்சர் பக்கம் சூடு கூடும், அதே மேட்டுக்கு இன்னும் கொஞ்சம் மிதிக்க வேண்டும், பெட்ரோல் போகும். முழு லோடில் மேடேறும் வண்டி இப்படியே ஓடிக்கொண்டிருந்தால், 95 போட்டதும் தள்ளிப்போன பொறி நேரம் தன் இடத்துக்குத் திரும்பும். டிரைவர் பிக்கப் கூடிவிட்டது என்பார். புதிதாக எதுவும் கூடவில்லை, இழந்தது திரும்பி வந்திருக்கிறது. சமவெளியில் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் அரை லோடில் ஓடும் வண்டியில் இழந்ததே இல்லை, திரும்பி வரவும் எதுவும் இல்லை.

எவ்வளவு திரும்பி வரும் என்று கேட்டால், அமெரிக்காவின் பெட்ரோல் பிக்கப் டிரக் ஒன்றின் கணக்கைச் சொல்கிறேன். நிசான் டைட்டன் என்ற வண்டியின் 2020 மாடலில் 5.6 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின், கம்ப்ரஷன் 11.2. உயர் ஆக்டேன் போட்டால் 400 குதிரைத்திறன், சாதாரணம் போட்டால் 390 என்று கம்பெனியே அறிவித்தது. வித்தியாசம் நூற்றுக்கு இரண்டரை. அவ்வளவு பெரிய இன்ஜினுக்கே அதுதான் கணக்கு. நம் மினி லாரியில் ஆக்டேன் மாற்றியதும் மைலேஜ் மூன்று கிலோமீட்டர் கூடியது என்று யாராவது சொன்னால், டயர் காற்றையும் லோடையும் விசாரியுங்கள்.

அமெரிக்கா என்றதும் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. டெக்சாஸில் இருக்கும் என் சித்தப்பா மகன் அங்கே ஒரு பெரிய பிக்கப் வைத்திருக்கிறான், செவர்லே, 6.2 லிட்டர் வி8, கம்ப்ரஷன் 11.5. அவன் அனுப்பிய பங்க் படத்தில் 87, 89, 93 என்று மூன்று எண்கள். அதைப் பார்த்த நம் ஊர் டிரைவர்கள், "அண்ணே, அவ்வளவு பெரிய வண்டிக்கே அங்கே 87 விக்கிறான், நமக்கு மட்டும் எதுக்கு 91, 95?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அங்கே எழுதும் எண் வேறு வகை. 600 சுற்றில் அளக்கும் எண்ணையும், 900 சுற்றில் இன்னும் சூடாக வைத்து அளக்கும் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பலகையில் போடுகிறார்கள். இரண்டாவது எண் எப்போதும் குறைவாக வருவதால் சராசரியும் கீழே இறங்கிவிடும். அவர்களின் 87 நம் கணக்கில் ஏறக்குறைய 91, 92. அவர்களின் 91 நம் கணக்கில் 95, 96. அந்த 6.2 இன்ஜினுக்குக் கம்பெனி பரிந்துரைப்பது அவர்களின் உயர்ரகத்தைத்தான். அதே கம்பெனியின் 5.3 லிட்டர் வி8-க்குக் கம்ப்ரஷன் 11, அதற்கு 87 போதும் என்கிறது. 11-க்கும் பதினொன்றரைக்கும் நடுவில் பெட்ரோல் ரகமே மாறுகிறது. ஆனால் கம்ப்ரஷனை மட்டும் பார்த்துச் சூத்திரம் போட்டுவிடவும் முடியாது. மஸ்டா கம்பெனி 13 கம்ப்ரஷன் இன்ஜினை அமெரிக்காவின் சாதாரண 87-இல் ஓட வைத்தது. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுவதால் உள்ளே குளிர்ந்து, தாங்கும் சக்தி கூடிவிடுகிறது. எனவே கம்ப்ரஷன் இத்தனை, அதனால் ஆக்டேன் இத்தனை என்று கட்டுரையில் போட்ட அட்டவணையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் எந்த எண் இருக்கிறதோ அதுதான் சட்டம். புத்தகம் தொலைந்திருந்தால் டேங்க் மூடிக்கு உள்பக்கம் பாருங்கள், பல வண்டிகளில் ஸ்டிக்கர் இருக்கும்.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. கீழே வத்தலக்குண்டில் போட்ட பெட்ரோல் அடிக்கிறது, மேலே கொடைக்கானலில் போட்ட பெட்ரோல் சுத்தமாக ஓடுகிறது, ஆகவே மேலே விற்பது நல்ல பெட்ரோல். பல வருடமாக இதைக் கேட்கிறேன். மலை பண்ணும் வேலைக்குப் பெட்ரோலுக்குப் பாராட்டு கிடைக்கிறது. மே மாத வெயிலில், முழு லோடோடு, அடிவாரத்தில் முதல் வளைவுகள் ஏறும்போதுதான் இன்ஜினுக்கு உச்சக் கஷ்டம். காற்றும் சூடு, அடர்த்தியும் முழுசு. பெருமாள்மலை தாண்டினால் குளிர்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல், அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்றே குறைந்துவிட்டால் நசுக்கிச் சூடாக்க என்ன இருக்கிறது? அதே பெட்ரோல் அங்கே அடிக்காது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இன்ஜினுக்கு உயரம் ஏற ஏற ஆக்டேன் தேவை குறையும். அமெரிக்காவில் கொலராடோ மாதிரி மலை மாநிலங்களில் 85 என்ற ரகத்தையே விற்கிறார்கள். மேலே டேங்க் நிரப்பிக்கொண்டு இறங்கும்போதும் அடிக்காது, இறக்கத்தில் இன்ஜினுக்கு வேலையே இல்லையே! ஆக, 95 போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் கீழே போடுங்கள். மேலே போடுவது வீண்.

பண்ணைக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றிவரும் ஒரு தம்பியின் வண்டியைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். வேறொரு இடத்தில் இன்ஜின் வேலை பார்த்துவிட்டு வந்த வண்டி. "அண்ணே, 95 போட்டாத்தான் ஏறுது, சாதா பெட்ரோல்னா அடிச்சுக்கிட்டே வருது. நூறு போட்டா இன்னும் நல்லா இருக்குமா?" என்று கேட்டான். வண்டி ஓட ஆரம்பித்த புதிதில் இதே சாலையில் சாதாரண பெட்ரோலில் அடிக்காமல் ஏறிய வண்டி அது. வண்டியில் சிஎன்ஜியும் உண்டு. முதலில் சிஎன்ஜிக்கு மாற்றி அதே மேட்டில், அதே லோடில் ஓட்டச் சொன்னேன். சிஎன்ஜியின் ஆக்டேன் 120-ஐத் தொடும், அதில் நாக்கிங் வர வாய்ப்பு குறைவு. சத்தம் நின்றது. நிற்காமல் இருந்திருந்தால் டேப்பெட்டோ பேரிங்கோ என்று வேறு பக்கம் தேடியிருப்பேன். இரண்டு எரிபொருள் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது காசு செலவில்லாத சோதனை.

சரி, நாக்கிங்தான். சென்சார் என்ன செய்கிறது? கழற்றிப் பார்த்தால் சென்சாருக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஒரு வாஷர். முன்பு இன்ஜின் வேலை பார்த்த இடத்தில் மறுபடி பொருத்தியவர் நல்ல எண்ணத்தில் ஒரு வாஷர் சேர்த்திருக்கிறார். இந்தச் சென்சாரின் முகம் பிளாக்கின் மேல் நேராகப் படிய வேண்டும். நடுவில் வாஷர் வரக்கூடாது, துரு இருக்கக்கூடாது, போல்ட்டை 20 நியூட்டன் மீட்டர் அளவில் டார்க் ரெஞ்சு வைத்து முடுக்க வேண்டும். கையால் 'நல்லா' முடுக்கினால் அதற்குக் காது மந்தமாகிவிடும். வாஷரை எடுத்து, முகத்தைத் துடைத்து, அளவாக முடுக்கினோம். பிளக்கையும் பார்த்தேன், கம்பெனி சொன்னதைவிடச் சூடான ரகம், அதாவது நுனியின் சூட்டை மெதுவாக விடும் ரகம், போட்டிருந்தது. அதையும் மாற்றினோம். அந்த வண்டி இப்போது சாதாரண பெட்ரோலில்தான் மலையேறுகிறது. அவன் 100-ஐத் தேடி மதுரைக்கும் சென்னைக்கும் அலைந்திருந்தால் வாஷர் அங்கேயே இருந்திருக்கும்.

கரியையும் மறக்கக்கூடாது. 27 சிசி இடம் என்று மேலே சொன்னேன் அல்லவா? அதில் 2 சிசி அளவுக்குக் கரி படிந்தால் 12 கம்ப்ரஷன் கிட்டத்தட்ட 13 ஆகிவிடுகிறது. ஆயில் எரிக்கும் இன்ஜினில் இது வேகமாகப் படியும். வண்டி புதிதாக இருந்தபோது 91-இல் ஒழுங்காக ஓடி, மெல்ல மெல்ல 95 கேட்க ஆரம்பித்தால், உயர்ரக பெட்ரோல் அதற்குப் பதில் இல்லை. கூலண்ட் குறைவு, அடைபட்ட ரேடியேட்டர், ஓடாத ஃபேன் எல்லாம் இதே வேலையைச் செய்யும். இவற்றையெல்லாம் பார்த்து முடித்து, கியரையும் இறக்கி ஓட்டி, அப்புறமும் முழு லோடு மேட்டில் அடிக்கிறது என்றால் தாராளமாக 95 போடுங்கள். டேங்க்கில் பாதி 91 இருக்கும்போது பாதி 95 ஊற்றினால் 93 அளவுக்குத்தான் வரும். எனவே பழையது காலியாகி அடுத்த டேங்க் போட்ட பிறகு, அதே மேட்டில், அதே லோடில் ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

கட்டுரையின் கடைசியில், ஆக்டேனைக் கூட்டும் என்று பாட்டிலில் விற்கும் பூஸ்டர்களைப் பற்றி ஒரு வரி பாராட்டாக வந்திருந்தது. எந்தக் காலத்திலும் நம் ஆட்களுக்கு டேங்க்கில் எதையாவது போட்டுப் பார்க்கும் ஆசை உண்டு. அந்துருண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும், கற்பூரம் போட்டவரையும் தெரியும். அந்துருண்டை, அதாவது நாப்தலின், ஆக்டேனைக் கொஞ்சம் கூட்டும் என்பது பொய்யில்லை. ஆனால் அது கரியாகப் படியும், குளிரில் மீண்டும் படிகமாகி ஃபில்டரை அடைக்கும். கொடைக்கானல் டிசம்பர் இரவில் நிறுத்திவைத்த வண்டிக்கு அது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. 27 சிசி இடத்துக்குள் நாமே கரியைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, அப்புறம் உயர்ரக பெட்ரோல் தேடுவானேன்? பழைய வண்டிகளில் பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, காதால் கேட்டுக்கொண்டே ஒரு இழை திருப்பி நாக்கிங்கை அடக்குவோம். இப்போது அந்த வேலைக்கு வழியும் இல்லை, தேவையும் இல்லை.

இனி உங்கள் நாளிதழிடம் நான் எதிர்பார்க்கும் விஷயத்துக்கு வருகிறேன். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் பற்றி 2025 ஆகஸ்டில் கேள்விகள் எழுந்தபோது மத்திய பெட்ரோலிய அமைச்சகம் ஒரு விளக்கம் கொடுத்தது. முன்பு இந்தியப் பெட்ரோலின் ஆக்டேன் 88 ஆக இருந்தது, பிஎஸ்-6-க்காக 91 ஆனது, 20 சதவீத எத்தனால் கலந்ததில் 95 ஆகியிருக்கிறது என்றது அந்த விளக்கம். எத்தனாலின் ஆக்டேன் 108.5, கம்ப்ரஷன் அதிகமுள்ள இன்ஜினுக்கு அது நல்லது என்றும் சொன்னது. எத்தனால் நாக்கிங்கை அடக்கும் என்பதை நான் மறுக்கவில்லை, ஆவியாகும்போது அது உள்ளே நன்றாகக் குளிர வைக்கிறது. ஒரு லிட்டரில் இருக்கும் வெப்பம் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால் மைலேஜ் சற்று இறங்கும், அது தனிக் கதை. என் கேள்வி வேறு. சாதாரண பெட்ரோலே 95 என்றால், பக்கத்து நாசிலில் '95' என்று பெயர் வைத்து லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூட வாங்குவதில் டிரைவருக்கு ஆக்டேனாக என்ன கிடைக்கிறது? இன்ஜினைச் சுத்தமாக வைக்கும் மருந்து கலந்திருக்கிறது என்றால் சரி, அதைச் சொல்லி விற்கட்டும். சாதாரணம் 91-தான் என்றால் அதையாவது சொல்லட்டும்.

நான் பெட்ரோல் போடும் பங்க்குகளில் விலை பைசா சுத்தமாக ஒளிர்கிறது. எத்தனால் எவ்வளவு என்று சில இடங்களில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. சாதாரண பெட்ரோல் நாசிலில் ஆக்டேன் எண்ணை மட்டும் காணோம். கேட்டால் பெட்ரோல் போடும் பையன் மேனேஜரைப் பார்க்கிறான், மேனேஜர், "இது நார்மல், அது பிரீமியம் சார்" என்கிறார். அமெரிக்காவில் என் சித்தப்பா மகன் அனுப்பிய படத்தில் ஒவ்வொரு பொத்தான் மேலும் மஞ்சள் ஸ்டிக்கரில் கறுப்பு எழுத்தில் பெரிதாக எண் இருந்தது. அந்த எண்ணைப் போட வேண்டும் என்பது அங்கே மத்திய அரசு விதி. அந்த ஒரு ஸ்டிக்கரை நம் நாசிலிலும் ஒட்டினால் போதும். வண்டிப் புத்தகத்தில் ஒரு எண், நாசிலில் ஒரு எண், இரண்டையும் பொருத்திப் பார்க்க டிரைவருக்கு என் போன்ற மெக்கானிக்கும் வேண்டாம், உங்கள் வாகனப் பக்கமும் வேண்டாம்.

கலப்படம் பற்றியும் ஒரு வார்த்தை. மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் சடாரென்று இறங்கும், நேற்று வரை அமைதியாக ஏறிய வண்டி இன்று அடிக்கும். திடீரென்று ஆரம்பித்த நாக்கிங்குக்கு முதல் சந்தேகம் கடைசியாகப் போட்ட பெட்ரோல் மேல்தான் வர வேண்டும். ஃபில்டர் பேப்பர் சோதனையும் அடர்த்திச் சோதனையும் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு, பங்க்கில் அதற்கான சாமான் இருக்க வேண்டும். தகராறு இல்லாமல் மரியாதையாகக் கேளுங்கள். அந்தச் சோதனையிலும் ஆக்டேன் தெரியாது என்பதால்தான் நாசிலில் எண்ணை எழுதி அதற்குக் கம்பெனியைப் பொறுப்பாக்க வேண்டும் என்கிறேன்.

உங்கள் நிருபர் ஒருவர் எண்ணெய் நிறுவனங்களிடம் இதைக் கேட்டு, தமிழ்நாட்டுப் பங்க்குகளில் இப்போது விற்கும் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் எத்தனை, ஏன் நாசிலில் எழுதவில்லை என்று ஒரு செய்தி போட்டால் மினி லாரிக்காரர்களுக்கு உதவியாக இருக்கும். 100 ஆக்டேன் போடச் சொன்ன பரிந்துரைக்கு ஒரு திருத்தமும் வெளியிட்டால் நன்று.

இப்படிக்கு,
பெட்ரோல் மினி லாரி மெக்கானிக்,
வத்தலக்குண்டு, திண்டுக்கல் மாவட்டம்.

பின்குறிப்பு: அதே கட்டுரையில் உயர்ரக டீசலில் ஆக்டேன் அதிகம் என்றும் ஒரு வரி இருந்தது. டீசலுக்கு அளவு சீட்டேன், அதாவது எவ்வளவு சட்டென்று தானாகப் பற்றும் என்பது, பிஎஸ்-6 டீசலுக்கு அது குறைந்தது 51. டீசல் இன்ஜினில் பிளக் பொறி கிடையாது, 16, 18 கம்ப்ரஷனில் எரிபொருள் தானாகவே சட்டென்று பற்ற வேண்டும். பெட்ரோலுக்கு எது குற்றமோ டீசலுக்கு அதுதான் வேலை. அந்த வரியைப் படித்துவிட்டு ஒருவர் பழைய டீசல் குட்டி யானையில் ஆக்டேன் பூஸ்டர் ஊற்றிவிட்டார். காலையில் ஸ்டார்ட் ஆகாமல் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். டேங்க்கை வடித்து, ஃபில்டர் மாற்றி அனுப்பியிருக்கிறேன். இந்தத் திருத்தத்தை மட்டுமாவது நாளைய பதிப்பிலேயே போட்டுவிடுங்கள்.